மூக்கில் வைத்த மருந்து

போன மாதம் நர்சிங் படிக்கும் பெண்கள் நாலைந்து பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ்களிடம் பேசிவிட்டு வரும்படி அவர்களுடைய ஆசிரியை அனுப்பியிருந்தாளாம். அன்று காலைப் பத்திரிகையில் விமான நிலையத்தில் கோகெயின் பிடிபட்ட செய்தி வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள்.

"சிஸ்டர், இது ஒரு காலத்துல மருந்தா இருந்ததுன்னு புக்ல போட்டிருக்கு. நெசமா?"

"மருந்துதான். நானே கலக்கியிருக்கேன்" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஏதோ பழைய கள்ளக்கடத்தல்காரி என்பது போல இருந்தது அந்தச் சிரிப்பு. எனக்குக் கோபம் வரவில்லை. இந்த வயதில் கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. டீ கொடுத்தேன், ஊசி போடுவதைப் பற்றியும் பழைய கண்ணாடி சிரிஞ்சுகளைப் பற்றியும் ஏதோ சொல்லி அனுப்பிவைத்தேன். அவர்கள் போன பிறகு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் பயிற்சி பெற்றது தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில். அந்த மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கை விரித்தேன், பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், ஜெபம் சொன்னேன், பாஸானேன். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். ஆரியசாலையில் காது, மூக்கு, தொண்டை வைத்தியத்துக்கென்று ஒரு தனியார் கிளினிக் இருந்தது. கீழே கன்சல்டிங் ரூமும் சின்ன ஆப்பரேஷன் தியேட்டரும், மாடியில் நாலு கட்டில். டாக்டர் ஹரிஹரய்யர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "கை நடுங்குமா?" என்பதுதான். கையை நீட்டிக் காட்டினேன். "போதும், நாளைக்கு வாங்கோ" என்றார்.

அவர் திருவனந்தபுரம் கோட்டைக்குள் உள்ள அக்ரஹாரத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் படித்தவர். அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். காலையில் வந்ததும் மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கழுவிய கையை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நோயாளிகளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார். யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. வேலையில் பிசகினால், குரலை இன்னும் தணித்துக்கொண்டு, "இன்னொரு தடவை பண்ணுங்கோ" என்பார். அந்தத் தணிந்த குரலுக்குத்தான் நாங்கள் எல்லோரும் பயந்தோம்.

மூக்கில் கத்தி வைக்க அந்தக் காலத்தில் ஆளை மயக்குவது கிடையாது. நோயாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மூக்கை மட்டும் மரக்க வைக்க வேண்டும். அதற்குத்தான் கோகெயின். விஷ மருந்து அலமாரி தனி. அதன் சாவி டாக்டரின் பூணூலில் தொங்கும். வெள்ளைப் பொடியை அவரே தராசில் நிறுத்துக் கொடுப்பார். நான் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைப்பேன். உப்புத் தண்ணீரோடு மாறிப்போகாமல் இருக்க ஒரு சொட்டு நீலச் சாயம் விடுவோம். ரிப்பன் மாதிரி நீளமாகக் கத்தரித்த காஸ் துணியை அதில் நனைத்து, அட்ரினலின் சில சொட்டுகள் சேர்த்து, பிழிய வேண்டும். பிழிவதில்தான் சூட்சுமம் இருந்தது.

"பிழிஞ்சாச்சா?"

"பிழிஞ்சாச்சு டாக்டர்."

"இன்னொரு தடவை. ஒரு சொட்டு தொண்டையில எறங்கினா ரத்தத்துல கலந்துடும்."

பிறகு வளைந்த இடுக்கியால் அந்தத் துணியை மடிப்பு மடிப்பாக மூக்குக்குள் அடுக்குவார். நோயாளி எச்சிலை விழுங்காமல் தட்டில் துப்ப வேண்டும். நான் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டு முகத்தையே கவனிப்பேன். முகம் வெளுக்கிறதா, நெற்றி வியர்க்கிறதா, வாய் ஓயாமல் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சு அதிகமானால் உடனே துணியை உருவிவிடச் சொல்வார். அவர் அவ்வளவு ஜாக்கிரதையானவர். அவரைப் பற்றி எழுதும்போது இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

நெல்லையப்ப பிள்ளை எங்களிடம் வந்தது நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து. சாலை பஜாரில் வத்தல் மண்டி வைத்திருந்தார். மூட்டை மூட்டையாக மிளகாய் வத்தல் இறங்கும், ஏறும், உலரும். பூர்வீகம் திருநெல்வேலி. வாட்டசாட்டமான ஆள், நெற்றி நிறைய விபூதி, ஆனால் மூக்கு இருபது வருஷமாக அடைப்பு. வத்தல் நெடி ஏறி ஏறி உள்ளே சதை வளர்ந்திருந்தது. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவார், வாயைத் திறந்துகொண்டுதான் மூச்சு விடுவார். கூட வந்த அவர் மனைவி கோமதி, "மீனுக்கு மாதிரி வாய் ஆடிக்கிட்டே இருக்கும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மூக்கில் துணியை வைத்துக் காத்திருந்தோம். எடுத்ததும் பிள்ளை மெதுவாக மூச்சை இழுத்தார். மறுபடி இழுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"கோமதி, மூச்சு வருது. மூக்கு வழியா வருது."

டாக்டரும் சிரித்தார். சதையை அறுத்து எடுக்கும்போதுகூடப் பிள்ளை ஒரு முனகல் முனகவில்லை. போகும்போது டாக்டர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆனால் மண்டி அதே மண்டி, நெடியும் அதே நெடி. சில மாதத்தில் மறுபடி அடைத்துக்கொண்டது. வந்து கெஞ்சினார். டாக்டர் வீட்டில் வைத்து அடித்துக்கொள்ள ஒரு ஸ்ப்ரே கொடுத்தார். மென்தாலோடு அதே மருந்து, கொஞ்சம் நீர்க்க. அந்தக் காலத்து மூக்கு வைத்தியப் புத்தகங்களில் அது இருந்தது. ஊரில் இன்னும் சில நோயாளிகளுக்கும் அவர் அதைக் கொடுத்து வந்தார். "ரொம்ப முடியலேன்னா மட்டும்" என்று அழுத்திச் சொல்லித்தான் கொடுத்தார். புட்டியில் ஊற்றிக் கார்க் அடைத்துக் கொடுத்தது நான்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் பிள்ளைக்குச் சுக்கிர தசை என்று சாலை பஜாரில் பேசிக்கொண்டார்கள். பொழுது விடியுமுன் கடையைத் திறந்தார். மத்தியானத் தூக்கத்தை விட்டார். ஆரியசாலையில் சரக்கு அடுக்க இரண்டாவதாக ஒரு கிட்டங்கி பிடித்தார். மூட்டை இறக்கும் ஆட்களோடு சேர்ந்து தாமும் மூட்டை தூக்கினார். எங்கள் கிளினிக் வழியாகப் போகும்போது வாசலில் நின்று, "எஸ்தர் சிஸ்டர், சௌக்கியமா?" என்று சத்தமாகக் கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் விறுவிறுவென்று போய்விடுவார். உடம்பு பாதியாக இளைத்திருந்தது. உழைப்பினால் என்று எல்லோரும் நினைத்தார்கள். உழைக்கிறவனைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

புட்டி சீக்கிரம் சீக்கிரம் காலியாகி வர ஆரம்பித்தது. டாக்டர் ஒருமுறை கேட்டதற்கு, கை தவறிக் கொட்டிவிட்டது என்றார். இன்னொரு முறை, பஸ்ஸில் உடைந்துவிட்டது என்றார். மூன்றாவது முறை டாக்டர் கொடுக்கவில்லை. பிள்ளை கெஞ்சவும் இல்லை, வரவும் இல்லை. அடைப்பு சரியாகிவிட்டது போல என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நானும் அப்படித்தான் எண்ணினேன்.

பல மாதம் கழித்து ஒரு காலை, ஓ.பி. நடந்துகொண்டிருக்கும்போது அவர் நேராக உள்ளே வந்தார். யார் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. முழுக்கைச் சட்டை. கையில் ஒரு தீப்பெட்டி.

"சிஸ்டர், மொதல்ல கதவ அடைங்க. இது வெளிய போயிரக் கூடாது."

"என்னது பிள்ளைவாள்?"

"வண்டு. வத்தலுக்குள்ள இருக்குமே, அது. மூட்டையிலருந்து கையில ஏறித் தோலுக்கு அடியில போயிட்டுது. ராவும் பகலும் ஊருது. குடும்பம் நடத்துதுக சிஸ்டர், உள்ள. கஷ்டப்பட்டுக் கொஞ்சம் புடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். டாக்டர்ட்டக் காட்டுங்க."

தீப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே காய்ந்த பொருக்குகள், வேட்டி நூல் இரண்டு, ஒரு மிளகாய் விதை. வண்டு எதுவும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். முழங்கை வரை குழி குழியாகப் புண். சாக்குத் தைக்கிற கோணி ஊசியால் தோண்டியிருக்கிறார். சில புண்கள் ஆறியிருந்தன, சிலது சீழ் பிடித்திருந்தன. என் வேலையில் நான் எத்தனையோ புண் பார்த்தவள். அதைப் பார்க்க முடியாமல் கை கழுவும் பேசினுக்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் தீப்பெட்டியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். இதில் பூச்சி இல்லை என்று அவர் சொல்லவில்லை. மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உட்காருங்கோ, மூக்கைப் பார்க்கறேன்" என்றார். நெற்றிக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு குனிந்தார். இடது மூக்குக்குள் வெளிச்சம் விழுந்தது. எதிரே நின்றிருந்த எனக்கு அந்த வெளிச்சம் வலது மூக்கில் தெரிந்தது. நடுச்சுவரில் ஓட்டை.

கண்ணாடியை அவர் மெதுவாகக் கழற்றினார்.

"ஸ்ப்ரே எத்தனை தடவை போட்டுக்கறேள்?"

"கணக்கா?" பிள்ளை சிரித்தார். "மூச்சு விடுததுக்குக் கணக்கு உண்டா டாக்டர்? நீங்க குடுத்தது பத்தாம போச்சு. நீங்களும் நிறுத்திட்டிய. இப்ப கொச்சியிலருந்து ஒருத்தன் பொடியாவே கொண்டு தாரான். மருந்துல கொறையில்ல. இந்த வண்டுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க."

புண்ணுக்குக் கட்டுப் போட்டு, அந்தப் பொடியைத் தொடவே கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளை சரி சரி என்று எழுந்து போனார். அவர் போன பிறகு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடவில்லை.

"கல்கத்தாவில படிக்கிறச்சே பார்த்திருக்கேன் எஸ்தர்" என்றார். "வெத்தலையில இந்தப் பொடியை வெச்சு விப்பா. சந்துல வரிசையா உட்கார்ந்திருப்பா. பல்லெல்லாம் கறுத்து, தோலைப் பிச்சுண்டு. எங்க புரொபசர் கூட்டிண்டு போய்க் காட்டினார். எங்கேயோ தென்னமெரிக்காவில மலைக்காரா பசி தெரியாம இருக்க மென்னுண்டிருந்த எலை. ஐரோப்பாவில டாக்டர்கள்தான் அதிலிருந்து சத்தைப் பிரிச்சு, எல்லாத்துக்கும் இது மருந்துன்னு கொண்டாடினா. சில டாக்டர்களே அதில அழிஞ்சு போனா. எல்லாம் படிச்சிருக்கேன். ஆனா அது அந்தச் சந்துல இருக்கிறவாளுக்கு வர்றதுன்னு நெனைச்சுட்டேன். விபூதி இட்டுண்டு கடைக்குப் போற மனுஷனுக்கு வரும்னு தோணலை."

அடுத்த வாரம் ஒரு நாள் உச்சி வெயிலில் கோமதி தனியாக வந்தாள். செருப்பில்லாமல் வந்திருந்தாள். காலை மாறி மாறி ஊன்றிக்கொண்டு நின்றாள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்ததும் நேராக டாக்டரிடம் போய் நின்றாள்.

"டாக்டரய்யா, அவுகளுக்கு என்ன நோவு? ஒரு பேரு சொல்லுங்க. நான் போய் அந்தப் பேரச் சொல்லிக்கிடுதேன்."

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பிள்ளை வீட்டில் சமையலறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார். அண்ணன் பணத்தைத் திருடுகிறான், மனைவி சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று கத்தினார். ஒரு நாள் அவளை அடித்ததில் காதுத் தோடு பிய்ந்திருந்தது. அவருடைய அண்ணன் சங்கரலிங்கம் பிள்ளை ஒரு மந்திரவாதியைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். புருஷனை மடக்கிப்போட மனைவிதான் சோற்றில் கைவிஷம் வைத்துவிட்டாள், அதுதான் உள்ளே வண்டாக ஊர்கிறது என்று அவன் சொல்லிவிட்டான். வெள்ளிக்கிழமை பெரியவர்கள் கூடிப் பேசப் போகிறார்கள். அவளைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகள் இரண்டையும் இங்கேயே வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

"நான் எதையும் வைக்கல" என்றாள். அழவில்லை. "கடைசிப் பய இன்னும் எம்மடியிலதான் தூங்குதான்."

டாக்டர் மேஜைமேல் இருந்த தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோவு இல்லேம்மா. நான் குடுத்த மருந்து."

அவளுக்குப் புரியவில்லை. "எந்த மருந்து? மூக்கு மருந்தா? அது நல்ல மருந்துல்லா?"

"நல்ல மருந்துதான். நான் வீட்டுக்குக் குடுத்திருக்கப்படாது. அதுல ஆசை புடிச்சுடும். புடிச்சா மூளை கெடும். வண்டு ஊர்ற மாதிரி இருக்கும். பக்கத்தில இருக்கிறவாமேல சந்தேகம் வரும். எல்லாம் அதனாலதான். உம்மேல தப்பில்லை."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவெல்லாம் சொல்லுவாளோ என்று நான் பயந்தேன். அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பம் நீங்களே வந்து அங்க சொல்லுங்க."

டாக்டருக்கு அது எளிதல்ல. சாலை பஜாரிலும் ஆரியசாலையிலும் உள்ள வியாபாரிகள் குடும்பத்தோடு அவரிடம்தான் வந்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் நடுவில், என் மருந்தால் ஒருவன் பைத்தியமானான் என்று சொல்லிவிட்டு எந்த டாக்டர் மறுநாள் கிளினிக்கைத் திறப்பார்? அந்த இரண்டு மூன்று நாட்களும் அவர் கை கழுவும்போது வழக்கத்தைவிட நேரமெடுத்தார். வெள்ளிக்கிழமை காலை ஓ.பி.யை நிறுத்திவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு, "நீங்களும் வாங்கோ எஸ்தர். அந்தப் பொண்ணு பக்கத்தில நிக்க ஒருத்தர் வேணும்" என்றார்.

மண்டிக்கு மேலே வீடு. ஏணிப்படியில் ஏறும்போதே நெடி தொண்டையைப் பிடித்தது. கூடத்தில் சங்கரலிங்கம் பிள்ளையும் அவர்கள் சாதிப் பெரியவர்கள் மூன்று பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நெல்லையப்ப பிள்ளை ஜன்னலோரமாக நின்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோமதி அடுக்களை வாசலில். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

டாக்டர் உட்காரவில்லை. நின்றபடியே, கிளினிக்கில் கோமதியிடம் சொன்னதை எல்லோரிடமும் சொன்னார். மருந்தின் பெயரைச் சொன்னார். அது என்ன செய்யும் என்று சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட மழுப்பவில்லை.

சங்கரலிங்கம் பிள்ளை மரியாதையாகக் கையைக் கூப்பினார்.

"சாமி, நீங்க நல்லவுக. ஒரு பொம்பள வந்து அழுதாண்ணு உங்க தலையில இழுத்து விட்டுக்கிடுதிய."

"இல்லை. நடந்ததைச் சொல்றேன்."

"பின்ன, டாக்டர் குடுத்த மருந்து எப்படி விஷமாவும்? நீங்க எங்க அம்மைக்குக் காது பாத்திய, சரியாச்சு. எம் மவனுக்குத் தொண்டை பாத்திய, சரியாச்சு. இவனுக்கு மட்டும் விஷமாயிட்டுதா?"

"ஆமாம்" என்றார் டாக்டர். குரல் இன்னும் தணிந்திருந்தது. "கைவிஷம்னுதானே சொல்றேள்? கைவிஷம்தான். இந்தக் கையால குடுத்தது."

கையை நீட்டினார். பெரியவர்களில் ஒருவர் சங்கடத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் நம்பவில்லை. எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பிற்பாடு யோசித்தபோது விளங்கியது. டாக்டரை நம்பாமல் போனால் நாளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது? மருமகளை நம்பாமல் இருப்பதில் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"போதும் சாமி, நீங்க சொன்னதக் கேட்டாச்சு" என்றார் சங்கரலிங்கம் பிள்ளை. "அவ போகட்டும்."

அப்போது கோமதி அடுக்களை வாசலை விட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"போறேன் அத்தான்" என்றாள் சங்கரலிங்கம் பிள்ளையிடம். "அவுகளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போறேன். மண்டியில எங்க பங்க நீங்க வச்சுக்கிடுங்க. கிட்டங்கியையும் வச்சுக்கிடுங்க. எழுதித் தரச் சொன்னா அவுக கையெழுத்துப் போடுவாக."

கூடத்தில் இருந்த எல்லோரும் சங்கரலிங்கம் பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி ஜன்னலில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார். சரி என்று சொல்ல அண்ணனுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

அன்று மத்தியானமே ஒரு குதிரைவண்டியில் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தோம். மாடியில் ஒரு அறையைக் காலி செய்து கொடுத்தார் டாக்டர். நெல்லையப்ப பிள்ளையின் மடியிலிருந்த பொட்டலத்தைக் கோமதியே எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள். அவர் அதைக் கரைத்துக் கொட்டினார்.

அந்தப் பழக்கத்தை விடுவதற்கு மருந்து கிடையாது. இன்றைக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். முதலில் அவர் தூங்கினார். சாப்பாட்டுக்கு எழுப்பினால் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். ஆறிவிட்டது என்று நினைத்தோம். அப்புறம்தான் உண்மையான கஷ்டம் வந்தது. உடம்பில் உயிர் இருந்தது, ஆசை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் பார்க்கமாட்டார். "எதுக்கு எந்திரிக்கணும் சிஸ்டர்?" என்பார். குளிப்பாட்டக் கூப்பிட்டாலும் அதே கேள்வி, கஞ்சி கொடுத்தாலும் அதே கேள்வி. ஒரு பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து அழுதார். இன்னொரு நாள் மாடிக் கைப்பிடிச் சுவரில் காலைத் தூக்கி வைத்துவிட்டார். கோமதி வேட்டியை எட்டிப் பிடித்து இழுத்ததில் இருவரும் தரையில் விழுந்தார்கள். அன்றிலிருந்து அவர் இடுப்பையும் தன் இடுப்பையும் ஒரு பழைய சேலையால் முடிந்துகொண்டாள். அப்படியே இருந்துகொண்டுதான் அரிசி களைந்தாள், மகளுக்குத் தலை வாரினாள்.

ஒரு காலை டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் பிள்ளை கட்டிலிலிருந்து இறங்கி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஒரே ஒரு தடவ. நீங்கதான குடுத்திய? ஒங்க கையாலயே ஒரு தடவ குடுத்திருங்க. அப்பறம் கேக்கமாட்டேன்."

டாக்டர் அவரைத் தூக்கி உட்கார வைத்தார். "இல்லை" என்றார். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார். வெளியே வந்து கதவை மூடிய பிறகு என்னிடம், "நாளைக்கு நீங்க மட்டும் பாருங்கோ. என்னைப் பார்த்தாத்தான் அவருக்கு அது ஞாபகம் வர்றது" என்றார். ஆனால் மறுநாளும் அவரேதான் வந்தார். ஒரு நாளும் வராமல் இருக்கவில்லை.

புண் ஆறியது. ஒரு மாதத்துக்கு மேல் ஆனபின் பிள்ளை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வண்டு போயிட்டுது" என்றார், சாதாரணமாக. மூக்கின் நடுத்தண்டு மட்டும் அமுங்கிப் போயிற்று. ஓட்டை அடையவில்லை. மூச்சு விடும்போது விசில் மாதிரி மெல்லிய சத்தம் வரும். அவர்கள் கிளம்பிப் போனபோது கோமதி எங்களிடம் வந்து கும்பிட்டாள். டாக்டரைப் பார்த்து அவள் நன்றி என்றும் சொல்லவில்லை, வேறு எதுவும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு ஸ்ப்ரே கொடுத்திருந்த எல்லோரிடமும் டாக்டர் ஆள் அனுப்பினார். புட்டியைத் திருப்பிக் கொடுங்கள், அது கெடுதல் என்று. சிலர் கொடுத்தார்கள். சிலர் அப்படியென்றால் முதலில் ஏன் கொடுத்தீர்கள் என்று சண்டை போட்டார்கள். அது நியாயமான கேள்விதான். ஒரு வக்கீல் வேறு டாக்டரிடம் போய்விட்டார், போய் எல்லோரிடமும் சொன்னார். நோயாளிகள் குறைந்தார்கள். காலையில் நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களும் உண்டு. மரக்கச் செய்ய வேறு மருந்து வந்ததும், டாக்டர் விலை பார்க்காமல் அதற்கு மாறினார். எல்லை பிரித்துக் கேரளம் உண்டான வருஷம் கிளினிக்கை மூடினார். நான் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முப்பது வருஷத்துக்கு அருகில் அங்கே வேலை பார்த்து ரிட்டயரானேன். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கலாம். எனக்கு அலுப்பாக இருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எல்லை பிரிந்த சில வாரத்தில் ஊருக்குப் போனபோது ஒரு வேலையாக நாகர்கோவில் போயிருந்தேன். கோட்டாறு சந்தையில் மல்லியும் மஞ்சளும் வாங்க ஒரு சின்னக் கடையில் நின்றேன். தராசுக்குப் பின்னால் கோமதி. தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூத்தவள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாளாம். சின்னவன் இப்போதும் அவள் பக்கத்தில்தான் தூங்குகிறானாம். நெல்லையப்ப பிள்ளை உள்ளே உட்கார்ந்து மல்லியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சதை போட்டிருந்தார், விபூதி இட்டிருந்தார். "எஸ்தர் சிஸ்டரா?" என்று சிரித்தார். எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

கோமதி எனக்காகக் காப்பி வாங்க எதிர்க்கடைக்குப் போனாள். பிள்ளை அவள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கமாகக் குனிந்தார். அந்த விசில் சத்தம் கேட்டது.

"சிஸ்டர், அந்த மருந்து இப்பவும் ஒங்க ஆஸ்பத்திரியில இருக்கா? ஒரு சொட்டு போதும். அவகிட்டச் சொல்லிராதீங்க."

இல்லை என்றேன். இப்போது யாரும் அதை வைத்திருப்பதில்லை என்று பொய் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி மல்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முகத்தில் ஏமாற்றம்கூட இல்லை.

காப்பியை எப்படிக் குடித்தேன் என்று தெரியாது. பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். இவ்வளவு பட்ட பெண்ணிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் ஆலோசித்தேன். கடைசியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

கோமதி பதறவில்லை.

"எங்கிட்டயும் கேப்பாக" என்றாள். "வாரத்துக்கு ஒரு தடவயாவது கேட்டிருவாக. நான் இல்லைண்ணு சொல்லுவேன். ஒத்துக்கிடுவாக. அவுக கேக்குதது எனக்கு நிம்மதி சிஸ்டர். முன்ன மாதிரி என்னைக்குக் கேக்காம இருக்காகளோ, அன்னைக்குத்தான் எனக்குப் பயம்."

கடை முன்னால் ஆள் வந்து நின்றது. அவள் போய்த் தராசை எடுத்தாள்.